எல்லாத்திலயும் வந்தால் உண்மையாகிவிடுமா?

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம் முடிந்து கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலைத் தாண்டவில்லை, அதற்குள் 40 வினாடிக் காணொளி ஒன்று என் போனுக்கு வந்து சேர்ந்துவிட்டது. மக்கள் பிரதிநிதி ஒருவர் மேசையில் தட்டுகிறார். எதிரே ஒரு பெண் அதிகாரி, "என்னால அந்தக் காணியை விடுவிக்க ஏலாது" என்கிறார். அவ்வளவுதான் காணொளி. "மக்கள் காணியை மறுத்த அதிகாரியை வெளுத்து வாங்கிய எம்.பி." என்று தலைப்பு. இருட்டுவதற்குள் அந்தப் பெண்ணின் தொலைபேசி இலக்கம் பின்னூட்டங்களில் கிடந்தது. வந்து விழுந்த வசவுகளை இங்கே எழுத முடியாது.

நான் அந்த மண்டபத்தில் இருந்தவன். அந்தப் பெண் அதிகாரி அதோடு நிறுத்தவில்லை. "எனக்கு அதுக்கு அதிகாரம் இல்லை, குடும்பங்களின்ட பட்டியல் வந்தாத்தான் நாங்கள் கொழும்புக்கு அனுப்பலாம், பட்டியல் இன்னும் வரேல்லை" என்று சேர்த்தே சொன்னார். போரால் இடம்பெயர்ந்து திரும்பிவந்து, தாங்கள் விதைத்த காணியில் எல்லைக் கல் நிற்பதைக் கண்ட சனத்துக்கு அன்றைய செய்தி அந்தக் கடைசி வசனத்தில்தான் இருந்தது. பட்டியல் எந்த மேசையில் கிடக்கிறது, ஏன் கிடக்கிறது? கேட்பார் இல்லை. மேசையில் தட்டிய பிரதிநிதியும் கேட்கவில்லை, பதிவேற்றிய ஊடகங்களும் கேட்கவில்லை.

இது முதல் தடவை என்றால் பேசாமல் இருந்திருப்பேன். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு காணொளி, ஒவ்வொன்றுக்கும் ஆள் ஆளாய் விளக்கம் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

மறுநாள் தேநீர்க் கடையில் ஒரு தம்பி, "எல்லாத்திலயும் வந்திருக்கு அண்ணை, எல்லாரும் சேந்தே பொய் சொல்லுவினம்?" என்று கேட்டான். என்னை மிகவும் எரிச்சல்படுத்துகிற கேள்வி இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எட்டு இணையத்தளங்களில் ஒரே செய்தி வந்தால் எட்டுப் பேர் விசாரித்தார்கள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பெரும்பாலும் ஒருவர்கூட விசாரித்திருக்க மாட்டார். அந்தப் பிரதிநிதியின் ஊடகப் பிரிவே படம் பிடிக்கிறது, வெட்டுகிறது, தலைப்பும் வைக்கிறது, வட்ஸ்அப் குழுவில் போடுகிறது. குழுவில் இருக்கிற செய்தியாளர் அதை ஆசிரிய பீடத்துக்கு அனுப்புகிறார். அங்கே இருப்பவர் மற்றத் தளம் முந்திவிடும் என்று அப்படியே ஏற்றுகிறார். மூலம் ஒன்று, கைகள் எட்டு. நம்பாவிட்டால் அடுத்த முறை பரிசோதித்துப் பாருங்கள்: ஊர்ப் பெயரில் விட்ட எழுத்துப் பிழைகூட எல்லாத் தளங்களிலும் ஒரே மாதிரி இருக்கும். இதே வழியாகத்தான் "எம்.பி.யின் முயற்சியால் வீதி புனரமைப்பு" என்ற செய்தியும் வருகிறது. அதே வீதிக்கு இன்னொரு கட்சிக்காரரின் முயற்சியும் வேறொரு தளத்தில் வந்திருக்கும். காசு எந்த ஒதுக்கீட்டில் வந்தது என்ற வரியை மட்டும் இரண்டிலும் காண மாட்டீர்கள்.

"ஆனா அவ சொன்னதுதானே அண்ணை, பொய்யில்லையே" என்று அடுத்த கேள்வி வரும். பொய் இல்லைத்தான். பக்கச்சார்புக்குப் பொய் தேவையே இல்லை. எங்கே வெட்டுவது, யாரிடம் பதில் கேட்காமல் விடுவது, எவருடைய அறிக்கையை முழுதாய்ப் போட்டு எவருடையதைக் கிடப்பில் போடுவது என்று தீர்மானித்தாலே காரியம் முடிந்துவிடும். என்னுடன் வேலை செய்கிற இளம் செய்தியாளர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: நீ எழுதியதில் மட்டும் பிழை தேடாதே, எழுதாமல் விட்டதிலும் தேடு.

எங்கள் தரப்பையும் சொல்லவேண்டும். வன்னியின் பிராந்தியச் செய்தியாளர் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. செய்திக்கு இவ்வளவு என்ற கணக்கு, அதுவும் நேரத்துக்கு வராது. மல்லாவியிலிருந்து முல்லைத்தீவுக்குப் போய்வர மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கும் பெற்றோலுக்கே அந்தக் காசு காணாது. அரசியல்வாதியின் வாகனத்தில் ஓர் இருக்கை கிடைத்தால் ஏறத்தான் செய்வார். ஏறியபின் எந்தக் கேள்வியைக் கேட்பார்? தனியே காட்டுக்குள் போனவர்களுக்கு நடந்ததும் தெரியும்: 2020 அக்டோபரில் முல்லைத்தீவின் முறிப்பில் மரக்கடத்தலைப் பதிவு செய்யப்போன இரண்டு ஊடகவியலாளர்கள் அடித்துக் காயப்படுத்தப்பட்டார்கள். அதற்கு 20 வருடங்களுக்கு முன்னர், 2000 அக்டோபரில், யாழ்ப்பாணத்தில் ஊடகவியலாளர் நிமலராஜன் தன் வீட்டில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்கு இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. இவற்றைப் பார்த்துக்கொண்டு வளர்ந்த பிள்ளைகள் காணொளியை வாங்கிப் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பது ஏன் என்று எனக்கு விளங்குகிறது. விளங்குவதால் சரியாகிவிடாது.

வாசகர்மீதுதான் எனக்குக் கூடுதல் கோபம். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனம் இது. புலிகளின் குரலைக் கேட்டோம், கொழும்பு வானொலியைக் கேட்டோம், இரவில் பிபிசி தமிழோசை, வெரித்தாஸ் வானொலி. ஒவ்வொன்றும் எவருடைய வாய் என்று தெரிந்து, இவன் சொன்ன தொகையையும் அவன் சொன்ன தொகையையும் வைத்து நடுவில் என்ன நடந்திருக்கும் என்று கணக்குப் போட்டவர்கள் எங்கள் அம்மாமார். தமிழோசை சிற்றலை வானொலி 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது. அந்தக் காதும் அதோடு போய்விட்டதா?

"வன்னி மக்கள் ஒரே குரலில்" என்று ஒரு தலைப்பு அடிக்கடி வரும். 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் வன்னித் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்கள் ஐந்து கட்சிகளுக்குப் போயின. தேசிய மக்கள் சக்திக்கு 2. ஐக்கிய மக்கள் சக்தி, இலங்கைத் தமிழ் அரசுக் கட்சி, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி, இலங்கை தொழிற்கட்சி ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. எந்தக் குரல் அந்த ஒரே குரல்? வன்னி நிலத்தில் இருக்கிற கிளிநொச்சியின் வாக்குகள் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் எண்ணப்படுவதுகூடத் தெரியாமல் வன்னி அரசியலை அலசுகிற யூடியூப் காரர்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் ஊடகம் என்று கணக்கெடுப்பதில்லை, நீங்கள் எடுக்கிறீர்கள்.

தேர்தல் வந்தால் இன்னொரு வியாபாரம் தொடங்கும். காசு வாங்கிக்கொண்டு செய்யும் நேர்காணல் செய்தி உடுப்புப் போட்டு வரும். 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர் செலவுக் கணக்குக் காட்டவேண்டும். விளம்பரம் என்று போட்டால் கணக்கில் ஏறும். "சிறப்பு நேர்காணல்" என்று போட்டால்? அரைமணி நேரம் ஓர் இடக்குக் கேள்விகூட இல்லாத நேர்காணலைப் பார்த்தால் அதை விளம்பரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, செய்யவேண்டியவை. பகிர முதல் மூலையில் இருக்கிற இலச்சினையைப் பாருங்கள். அரசியல்வாதியின் பக்கத்திலிருந்து வந்தது என்றால் அது பிரசாரம். குற்றம் சாட்டப்பட்டவரின் பதில் செய்தியில் இல்லையென்றால் அது பாதிச் செய்தி, மற்றப் பாதி வரும்வரை பொறுங்கள். ஒரு நிமிடத்துக்குக் குறைந்த கூட்டக் காணொளியை வைத்து எவரையும் திட்டாதீர்கள். உத்தியோகத்தரின் தொலைபேசி இலக்கத்தை எவராவது போட்டால் அழிக்கச் சொல்லுங்கள், அழிக்காவிட்டால் முறையிடுங்கள். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற உறவுகளே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: நீங்கள் கோபத்தில் அழுத்துகிற ஒரு பகிர்வு இங்கே சந்தைக்குப் போகிற ஒரு மனுசியின் மேல் விழுகிறது.

பத்திரிகையில் பிழை வந்தால் இலங்கை பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்கு எழுதலாம். 2003 இல் ஊடகத் துறையே அமைத்துக்கொண்ட அமைப்பு அது. எழுதுபவர்கள் மிகக் குறைவு. இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் 2024 இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்ல மாட்டேன். அந்தப் பிரம்பு எங்கள் முதுகுக்கும் வரும்.

காணி, குளம், வீதி பற்றி உண்மையிலேயே அறியவேண்டும் என்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மாவட்டச் செயலகத்தின் தகவல் அலுவலரிடம், திகதியைக் குறிப்பிட்டு, அந்த ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தின் அறிக்கையின் பிரதி வேண்டும் என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். ஏன் வேண்டும் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்லவேண்டும். விண்ணப்பம் பெற்றதற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள்.