மலையில தோட்டம் போடுறதுக்கு முன்னாடி தண்ணிக்கு வழி விடுங்க

நீலகிரில குன்னூர் பக்கம் வீட்டுத்தோட்டம், தடுப்புச்சுவர், வாய்க்கால்னு 18 வருஷமா இதே வேலைதான் பாத்துட்டு இருக்கேன். ஃபோன் பண்றவங்க எல்லாருமே முதல்ல செடியப் பத்திதான் கேப்பாங்க. லானுக்கு எந்தப் புல்லு நல்லது, ரோஸ் எந்தப் பக்கம் வைக்கலாம், ஹைட்ரேஞ்சியா நீலமா பூக்குமா (பூக்கும், நம்ம மண்ணு புளிப்பு மண்ணு, தனியா எதுவும் போட வேணாம்). நான் நேர்ல போனதும் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், மழை பெஞ்சா இங்க தண்ணி எங்கேர்ந்து வருது, எங்க போகுது? பத்துல எட்டு பேருக்கு பதில் தெரியாது. தப்பு சொல்லல, நிறைய பேர் ஏப்ரல் மே சீசன்ல வந்து இடத்தப் பாத்து வாங்கினவங்க, அப்போ எல்லாம் காஞ்சு அழகா இருக்கும்.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. 1 சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழைன்னா 1 லிட்டர் தண்ணி. உங்க கூரை 1500 சதுர அடின்னா கிட்டத்தட்ட 140 சதுர மீட்டர். ஒரே ராத்திரில 100 மில்லிமீட்டர் பெஞ்சா (வடகிழக்கு மழைல குன்னூர், கோத்தகிரி பக்கம் இது அதிசயமே இல்ல) கூரைல இருந்து மட்டும் 14,000 லிட்டர். ஆயிரம் லிட்டர் டேங்க் 14 எடுத்துட்டு வந்து வீட்டுப் பின்னாடி சரிவுல கவுத்த மாதிரி. அத ஒரு பைப்புல விட்டு பூச்செடிக்கு நடுவுல முடிச்சு வச்சிருப்பாங்க, தண்ணி செடிக்குப் போகட்டும்னு. 2019 ஆகஸ்ட்ல ஊட்டி பக்கம் அவலாஞ்சில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் பெஞ்சது, 2009 நவம்பர்ல நம்ம மாவட்டத்துல மண்சரிஞ்சு 40 பேருக்கு மேல போயிட்டாங்க. அந்த நவம்பரப் பாத்தவங்க யாரும் மழைய லேசா எடுத்துக்க மாட்டாங்க.

கோத்தகிரி ரோட்டுல ஒரு வீடு, 12 சென்ட். சரிவ வெட்டி மட்டம் பண்ணி, 11 அடிக்கு கருங்கல் சுவர் கட்டி, மேல மண்ணு கொட்டி லான் போட்டிருந்தாங்க. நான் கட்டினது இல்ல, வேற ஒருத்தர் கட்டினது. ரெண்டாவது வருஷம் அக்டோபர்ல வீட்டுக்காரர் கூப்பிட்டார், "சார், சுவர் கொஞ்சம் வயிறு தள்ளின மாதிரி இருக்கு, பெயின்ட் அடிச்சா சரியாயிடுமா"ன்னு. போய்ப் பாத்தா தண்ணி வடிய வேண்டிய ஓட்டை ஒண்ணு கூட இல்ல. இருந்திருக்கு, ஆனா பூச்சு வேலை பண்ணும்போது வெள்ளைச் சுவத்துல கறை இறங்குதுன்னு சிமென்ட் வச்சு அடைச்சிட்டாங்க. மேல லான்ல ஸ்பிரிங்க்ளர், லான் ஓரத்துல செப்டிக் டேங்கோட சோக் பிட் (கழிவுத் தண்ணி மண்ணுல இறங்குற குழி). அதாவது மழைத் தண்ணி, ஸ்பிரிங்க்ளர் தண்ணி, பாத்ரூம் தண்ணி மூணும் சுவத்துக்குப் பின்னாடி நிக்குது. சுவத்த தள்ளுறது வெறும் மண்ணுனு நினைக்கிறோம், பாதிக்கு மேல தள்ளுறது தண்ணிதான், ஈர மண்ணுக்கு கனமும் ஜாஸ்தி, பிடிப்பும் இருக்காது. மேஸ்திரி அடைச்ச இடத்துல கம்பி விட்டு ஒரு ஓட்டையத் திறந்தாரு, தண்ணி நாலடி தள்ளிப் பீச்சி அடிச்சது. கீழ வீட்டுல ரெண்டு சின்னப் பிள்ளைங்க, சுவத்த ஒட்டின ரூம்லதான் தூங்கிட்டு இருந்தாங்க. அன்னிக்கே ரூம மாத்தச் சொல்லிட்டுதான் கிளம்பினேன்.

அப்புறம் மேல இருந்த மண்ண எடுத்து, அஞ்சரை அடி அஞ்சரை அடியா ரெண்டு சுவரா படி மாதிரி உள்வாங்கிக் கட்டினோம். சுவத்துக்குப் பின்னாடி ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவுல ஜியோ துணி (தண்ணிய விடும், மண்ண விடாது), 3 இன்ச் பிவிசி பைப் வெளிப்பக்கம் சரிவா, நாலடிக்கு ஒண்ணு. பைப் மட்டும் வச்சு ஜல்லி போடலேன்னா ரெண்டு மழைல மண்ணு அடைச்சிரும், இது நிறைய இடத்துல நடக்குற தப்பு. முதல்லயே இப்படிக் கட்டியிருந்தா பாதி காசுல முடிஞ்சிருக்கும். பக்கத்து ஹட்டிப் (படுகர் ஊர்) பெரியவர் ஒருத்தர் வேலையப் பாத்துட்டு நின்னவரு சொன்னாரு, "அங்க ஊத்து ஓடுமே, ஆனி ஆடில நாங்க மாடு தண்ணி காட்டுவோம்"னு. வாங்கினவங்க அவரக் கேக்கல, கட்டினவங்களும் கேக்கல. நான் இப்பல்லாம் எந்த இடத்துக்குப் போனாலும் பக்கத்துல வயசானவங்க யாரு இருக்காங்கன்னு தேடிப் போயிடறேன்.

ஜேசிபி விட்டு வெட்டணும்னா நம்ம மாவட்டத்துல அனுமதி வேணும், ராத்திரில திருட்டுத்தனமா வெட்டிரலாம்னு சொல்றவங்கள நம்பாதீங்க. மரம் வெட்டவும் அப்படித்தான், 1955லேர்ந்து மலைப்பகுதிக்குன்னு தனிச் சட்டமே இருக்கு. அனுமதி வாங்கி சரிவுல நிக்கிற கற்பூர மரத்தையோ (யூகலிப்டஸ்) சீகையவோ (வாட்டில் மரம்) எடுத்தாலும் அடிக்கட்டைய தோண்டி எடுக்காதீங்க. வேர் மக்க சில வருஷம் ஆகும், அதுக்குள்ள நடுவுல வேற செடி வேர் பிடிச்சிரணும், இல்லேன்னா வேர் மக்கின பொந்து வழியாவே தண்ணி உள்ள இறங்கும்.

செடின்னு வந்தா சரிவுக்கு லான் வேணாம்னுதான் சொல்வேன், கிக்குயு புல்லு பச்சையா அழகாதான் இருக்கும் ஆனா அது மேல் மண்ணதான் பிடிக்கும். தவிட்டுப்பழம், ஊசிக்களா, குறிஞ்சி, நம்ம ஊர்க் கொத்துப் புல்லு இதெல்லாம் கலந்து வைங்க, ஆழமாவும் மேலாவும் வேர் போகும், தண்ணியும் ஊத்த வேணாம், டிசம்பர் ஜனவரி பனிலயும் தாங்கும். ஜூன் ஜூலைல நட்டா அக்டோபர் மழைக்குள்ள வேர் ஊனிக்கும். மஞ்சப் பூ அழகா இருக்குன்னு ப்ரூம், கோர்ஸ் செடிய யாராவது குடுத்தா வாங்காதீங்க, அது விதை மண்ணுக்குள்ள பல வருஷம் கிடந்து முளைக்கும், புல்வெளிய தின்னுரும். உண்ணிச்செடி வேலி ஓரத்துல புதரா நின்னா சிறுத்தை, கரடி மறைவா உக்காரும், பேரிக்காய் பழுத்து கீழ விழுந்து கிடந்தாலும் கரடி வரும், அதனால பழத்த அன்னன்னிக்கு பொறுக்கிருங்க. காட்டெருமை வழிய மறிச்சு கம்பி வேலி போடாதீங்க, அது வேலியயும் உடைக்கும், அதுக்கும் காயம் ஆகும்.

பராமரிப்புல நான் கெஞ்சிக் கேக்குறது ரெண்டு நாள். மே கடைசில ஒரு நாள், செப்டம்பர் கடைசில ஒரு நாள், வாய்க்கால்ல இருக்க சீகை இலை, மண்ணு எல்லாத்தையும் அள்ளிருங்க. தேயிலைத் தோட்டத்துல கான் (சின்ன வாய்க்கால்) வெட்டி நடுநடுவுல குழி விட்டிருப்பாங்க பாருங்க, மண்ணு அதுல தங்கி தண்ணி மட்டும் போகும், வீட்டுக்கும் அதே மாதிரி பண்ணலாம். கூரைத் தண்ணிய சரிவுல விடாம பைப்புல கீழ வரைக்கும், கல்லு பதிச்ச வாய்க்கால் வரைக்கும் கொண்டு போங்க.

அப்புறம் நல்ல மழை பெய்யும்போதே குடை எடுத்துட்டு ஒரு சுத்து போய்ப் பாருங்க, வெயில் நாள்ல பாத்தா ஒண்ணும் தெரியாது. சுவத்து ஓட்டைல தெளிஞ்ச தண்ணி வடிஞ்சிட்டே இருந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம். கலங்கின தண்ணி வந்தாலோ, வந்துட்டு இருந்த தண்ணி மழைல திடீர்னு நின்னாலோ, மேல மண்ணுல சரிவு ஓரமா வளைஞ்ச மாதிரி விரிசல் தெரிஞ்சாலோ, நேரா இருந்த வேலிக்கல்லு சாஞ்சிருந்தாலோ அன்னிக்கு ராத்திரி அந்தப் பக்கத்து ரூம்ல யாரும் படுக்க வேணாம், மேல வீட்டுக்காரங்களுக்கும் கீழ வீட்டுக்காரங்களுக்கும் உடனே சொல்லிருங்க, விடியட்டும்னு இருக்காதீங்க.