ரெண்டு மருந்து சேர்த்துப் போட்டால் கேட்குமா?

"ஒரு மருந்து கேட்கலைன்னா ரெண்டு மூணா சேர்த்துப் போடுங்க டாக்டர்." ஐசியூ வாசலில் நிற்கும் உறவினர்களின் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் மருந்து சேர்ப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைத் தேடுவதுதான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் என் வேலை.

ரத்தக் கல்ச்சரில், அதாவது நோயாளியின் ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்திருக்கும். ரிப்போர்ட்டில் வரிசையாக 'ஆர்' (ரெசிஸ்டன்ட், அதாவது அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது), மெரோபெனம் என்ற வலிமையான ஆன்டிபயாட்டிக் உட்பட. இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்டிஎம் என்ற நொதி. டெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் 2008இல் கண்டறிந்ததால் பெயரிலேயே டெல்லி ஒட்டிக்கொண்டது. பென்சிலின் வம்சத்து மருந்துகளில் அநேகமாக எல்லாவற்றையும் இது உடைத்துவிடும், அதே வம்சத்து அஸ்ட்ரியோனாம் என்ற மருந்தை மட்டும் உடைக்காது. சரி, அதையே போடலாமே? அதே கிருமி பெரும்பாலும் ஈஎஸ்பிஎல் போன்ற வேறு நொதிகளையும் வைத்திருக்கும். அவை அஸ்ட்ரியோனாமைத் தீர்த்துவிடும். அந்த நொதிகளின் கையைக் கட்டிப்போடுவது அவிபாக்டம் என்ற துணை மருந்து. அது பெரும்பாலும் செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாட்டிக்கோடு ஒரே ஊசியாகச் சேர்ந்து வருவதால், அந்த ஊசியையும் அஸ்ட்ரியோனாமையும் ஒரே நேரத்தில் ஏற்றுகிறோம்.

இது பலிக்குமா என்று பார்க்க, கிருமி பரப்பிய தட்டில் இந்த இரண்டு மருந்தும் தோய்த்த சின்னக் காகித வட்டுகளை அருகருகே வைத்து இரவு முழுக்க இன்குபேட்டரில் விடுவேன். காலையில் பார்த்தால் இரண்டையும் ஒட்டிக் கிருமி வளர்ந்திருக்கும். நடுவில் மட்டும், இரண்டு மருந்தும் கலந்த இடத்தில், ஒரு துண்டு வெறுமையாக, சுத்தமாக இருக்கும். அதைப் பார்த்ததும் முதல் வேலை, வார்டுக்குப் போன்.

எல்லாக் கூட்டணியும் இப்படிப் பலிக்காது. கடைசிக் கட்டத்தில் கையிலெடுக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கோடு மெரோபெனம் சேர்த்தால் பலன் கூடுமா என்று இஸ்ரேல், கிரீஸ், இத்தாலியில் 406 நோயாளிகளிடம் பார்த்தார்கள். பெரும்பாலும் அசினெட்டோபாக்டர் என்ற இன்னொரு பாக்டீரியாவின் தொற்று. 2018இல் வந்த முடிவு: கொலிஸ்டின் மட்டும் போட்டவர்களைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. கொலிஸ்டினோ சிறுநீரகத்தைப் பாதிக்கிற மருந்து.

அப்புறம், காய்ச்சல் என்றதும் மெடிக்கல் ஷாப்பில் எடுத்துத் தரும் செஃபிக்ஸிம்–ஓஃப்ளாக்சசின் என்ற இரண்டு ஆன்டிபயாட்டிக் சேர்ந்த கூட்டு மாத்திரை. அதற்குப் பின்னால் கல்ச்சரும் இல்லை, தட்டும் இல்லை. தயவுசெய்து அதைக் கேட்டு வாங்காதீர்கள்.

உங்கள் வீட்டில் ஒருவர் ஐசியூவில் இருந்தால், ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். மூன்றாம் நாள் ஒரு மருந்தை நிறுத்தினால், "ஏன் குறைச்சிட்டீங்க?" என்று பதறாதீர்கள். பெரும்பாலும் அன்று காலைதான் எங்கள் ரிப்போர்ட் மேலே போயிருக்கும்.