போர்டு பூட் ஆகிவிட்டால் இன்டர்ரப்ட் வரி சரி என்று அர்த்தமில்லை

புதுப் போர்டுக்கு டிவைஸ் ட்ரீ (எந்தக் கருவி எங்கே இணைந்திருக்கிறது என்று லினக்ஸ் கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு) எழுதும்போது பலரும் செய்வது இதுதான்: அதே சிப் உள்ள வேறொரு போர்டின் கோப்பை எடுத்து, பெயரை மாற்றி, முகவரிகளைத் திருத்திவிட்டு, இன்டர்ரப்ட் வரியை (கருவி ப்ராசஸரைக் கூப்பிடும் சமிக்ஞை எந்த எண்ணில், எப்படி வரும் என்று சொல்வது) மட்டும் அப்படியே விட்டுவிடுவார்கள். முகவரி தப்பானால் டிரைவர் பெரும்பாலும் உடனே விழுந்துவிடும், யாராவது கவனிப்பார்கள். இன்டர்ரப்ட் வரி தப்பானால் அப்படி இல்லை. டிரைவர் ஏறிவிடும், கெர்னல் லாக் சுத்தமாக இருக்கும், சில டிரைவர்களில் டைமர் வைத்து அவ்வப்போது எட்டிப் பார்க்கும் மாற்றுவழி இருப்பதால் கருவி கொஞ்சம் மந்தமாக வேலைகூடச் செய்யும். பேட்ச் ரிவ்யூவில் இது திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதால்தான் எழுதுகிறேன்.

முதலில் எண். ஆர்ம் சிப்களில் இன்டர்ரப்டுகளை வாங்கிக் கோர்களுக்கு அனுப்பும் ஜிஐசி கன்ட்ரோலருக்கு அந்த வரியில் வழக்கமாக மூன்று செல்கள், அதாவது மூன்று மதிப்புகள்: வகை, எண், டிரிகர் (லைனின் எந்த நிலை அல்லது மாற்றம் இன்டர்ரப்டாகும் என்பது). வகை 0 என்றால் எல்லாக் கோர்களுக்கும் பொதுவான எஸ்பிஐ, 1 என்றால் கோருக்குக் கோர் தனியான பிபிஐ. ஹார்ட்வேர் கணக்கில் 0 முதல் 15 வரை கோர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்பவை, 16 முதல் 31 வரை பிபிஐ, எஸ்பிஐ தொடங்குவதே 32-இல்தான். டிவைஸ் ட்ரீயிலோ ஒவ்வொரு வகையையும் 0-இலிருந்து எண்ண வேண்டும். அதனால் கன்ட்ரோலரின் எண் 84 என்றால் கோப்பில் 52 வரும். ஆர்ம் டைமருக்கு 13, 14, 11, 10 என்று நிறைய கோப்புகளில் பார்த்திருப்பீர்கள், அவை ஹார்ட்வேரில் 29, 30, 27, 26. அங்கே கழிப்பது 16. சிக்கல் என்னவென்றால் சில சிப் கையேடுகள் 32-ஐக் கழித்துவிட்டே அட்டவணை போடுகின்றன, சில கழிப்பதில்லை. அட்டவணையின் முதல் வரி எந்த எண்ணில் தொடங்குகிறது என்று பார்க்காமல் ஒரு எண்ணையும் எடுக்காதீர்கள்.

எண் சரியாக இருந்தும் கன்ட்ரோலர் தப்பாகலாம். கருவியின் நோடில் (கோப்பில் அதற்குரிய பகுதியில்) இன்டர்ரப்ட் பேரன்ட், அதாவது அதன் இன்டர்ரப்டை வாங்கும் கன்ட்ரோலர், எது என்று சொல்லவில்லை என்றால் கெர்னல் மேல் நோடு, அதற்கு மேல் நோடு என்று ஏறித் தேடி, கிடைத்ததை எடுத்துக்கொள்ளும். ஜிபிஐஓ (சிப்பின் பொதுப் பயன்பாட்டு) பின்னில் இணைந்த சென்சாருக்கு இதை விட்டுவிட்டால், பின் எண்ணை ஜிஐசியின் செல்லாகப் படித்துவிடும். செல் எண்ணிக்கை பொருந்தாவிட்டால் பிழை தெரிந்துவிடும், தற்செயலாகப் பொருந்திவிட்டால்தான் ஆபத்து.

எனக்கு அதிகம் கவலை தருவது டிரிகர் செல்தான், ஏனென்றால் அங்கே தப்பு நடந்தால் கருவி தினமும் ஓடும், என்றைக்கோ ஒருநாள் நின்றுவிடும். ஜிபிஐஓ பின்னில் இணைந்த ஒரு டச் சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தன்னிடம் உள்ள தரவு முழுவதும் படிக்கப்படும்வரை அது லைனைத் தாழ்த்தியே வைத்திருக்கிறது, அதாவது லெவல் லோ (லைன் தாழ்ந்திருக்கும்வரை இன்டர்ரப்ட்), மதிப்பு 8. கோப்பில் யாரோ 2, அதாவது ஃபாலிங் எட்ஜ் (லைன் தாழும் கணத்தில் மட்டும் இன்டர்ரப்ட்) என்று எழுதிவிட்டார்கள். இன்டர்ரப்ட் வந்ததும் ஓடும் டிரைவர் பகுதியான ஹேண்ட்லர் ஒரு தொடுகையைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்துவிட்டால் லைன் மேலே எழும்பவே எழும்பாது, எழும்பாத லைனில் புது எட்ஜ் ஏது, ஹேண்ட்லரை யார் கூப்பிடுவது? சிப்பை ரீசெட் செய்யும்வரை திரை அசையாது, டெஸ்டில் ஒற்றை விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தவருக்கு இது வரவே வராது. இன்னொரு பக்கம், சில டிரைவர்கள் டிரிகரைத் தாங்களே கோடில் எழுதிவைத்துக் கோப்பில் உள்ளதை மீறிவிடும், அப்போது தப்பு மூடிக்கிடக்கும். டிரைவரைச் சுத்தம் செய்து கோப்பை நம்பச் சொன்ன நாளில் பழைய போர்டுகள் உடையும். ஜிஐசியின் எஸ்பிஐக்கு 1 (ரைசிங் எட்ஜ்) அல்லது 4 (லெவல் ஹை) மட்டுமே செல்லும் என்பதையும் மறக்க வேண்டாம், அங்கே 8 கண்டால் நடுவில் லைனைத் தலைகீழாக்கும் இன்வெர்ட்டர் எங்கே என்று போர்டின் சர்க்யூட் வரைபடமான ஸ்கீமாட்டிக்கைத் திறந்து பாருங்கள்.

பிசியிலும் இதே கதை ஏசிபிஐ அட்டவணை (ஃபர்ம்வேர் கெர்னலுக்குத் தரும் ஹார்ட்வேர் விவரம்) வடிவில் உண்டு, பழைய டைமரின் 0-ஆம் இன்டர்ரப்ட் எண் பெரும்பாலும் கன்ட்ரோலரின் 2-ஆம் உள்ளீட்டுக்குத் திருப்பப்படுவது அங்கே எழுதப்பட்டிருப்பதால்தான் கெர்னலுக்குத் தெரிகிறது.

சரி, எப்படிச் சோதிப்பது? ப்ராக் அடைவில் உள்ள இன்டர்ரப்ட்ஸ் கோப்பை (/proc/interrupts) பாருங்கள். இடது ஓரத்து எண் லினக்ஸ் தானாக ஒதுக்கியது, அதைக் கையேட்டோடு ஒப்பிடாதீர்கள். கன்ட்ரோலர் பெயருக்குப் பக்கத்தில் இருப்பதுதான் ஹார்ட்வேர் எண், நாம் 52 என்று எழுதியது அங்கே 84 என்று தெரியும், அதற்கடுத்து லெவலா எட்ஜா என்றும் இருக்கும். அப்புறம் கருவியை இயக்கி எண்ணிக்கை ஏறுகிறதா, சும்மா இருக்கும்போது நிற்கிறதா என்று பாருங்கள். கருவி ஓடியும் எண்ணிக்கை 0 என்றால் மாற்றுவழியில்தான் ஓடுகிறது. லாக்கில் "நோபடி கேர்ட்" என்று வந்திருந்தால் கிட்டத்தட்ட ஒரு லட்சம் இன்டர்ரப்டுகளை யாரும் ஏற்காததால் கெர்னல் அந்த லைனையே அணைத்துவிட்டது என்று பொருள், பெரும்பாலும் எண்ணோ டிரிகரோ தப்பு.

பேட்ச் அனுப்பும்போது எண்ணும் டிரிகரும் கையேட்டின் எந்த அட்டவணையில், ஸ்கீமாட்டிக்கின் எந்தப் பக்கத்தில் இருந்து வந்தன என்று கமிட் செய்தியில் ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி இல்லாத பேட்சுக்கு நான் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.