விரயம்: செலவு வீணான கதை

"மக்கள் வரிப்பணம் விரயம்." அரசு எதற்குப் பணம் ஒதுக்கினாலும் மறுநாளே காதில் விழும் குற்றச்சாட்டு இது. விரயம் என்றால் வீண், பாழ் என்றே இன்று புரிந்துகொள்கிறோம். அந்தச் சொல் பிறந்தபோது இந்தப் பழி அதன்மேல் இல்லை.

வடமொழியில் பணக்கணக்கில் 'வ்யய' என்றால் செலவு. 'வி' என்ற முன்னொட்டும் 'போ' என்ற பொருளுள்ள வேரும் சேர்ந்து, விலகிப் போவதைக் குறித்தது. உள்ளே வருவது ஆய, வெளியே போவது வ்யய. இந்தியில் பட்ஜெட்டுக்கு இன்றும் 'ஆய்-வ்யயக்' என்ற பெயர் உண்டு. வீண்செலவைச் சொல்ல 'அப' சேர்த்து 'அபவ்யய்' என்கிறார்கள். தெலுங்கிலும் வ்யயம் என்றால் செலவே. தமிழுக்கு வந்து விரயம் என்று உருமாறிய பிறகுதான், வீண் என்ற பொருள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பழைய பொருள் முழுக்க அழிந்துவிடவில்லை. பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு ராசிக்கும் ஆதாயம் இத்தனை, விரயம் இத்தனை என்று எண் போட்டிருக்கும். அது வெறும் வரவு செலவுக் கணக்கு. கல்யாணத்துக்கும் வீடு கட்டவும் போகிற பணத்தைச் சோதிடர்கள் 'சுபவிரயம்' என்பார்கள். வீண் என்பதுதான் பொருள் என்றால் அதோடு சுபம் எப்படி ஒட்டும்?

நம் சொல்லான செலவுக்கும் இதே போன்ற பிறப்புதான். 'செல்' என்ற வினையிலிருந்து வந்தது. சங்கப் பாடல்களில் செலவு என்றால் பயணம். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் தலைவியின் வாட்டம் கண்டு பயணத்தை நிறுத்துவது செலவழுங்குதல். பிறகு கையைவிட்டுச் செல்லும் பணத்துக்கும் அது பெயரானது. வள்ளுவர் ஆகாறு, போகாறு என்று இன்னும் அழகாகச் சொல்கிறார்:

"ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை
போகாறு அகலாக் கடை" (478)

வருகிற வழி சிறியதானாலும், போகிற வழி அதைவிட அகலாதவரை கேடில்லை. பணம் போவதை அவர் குற்றமாக்கவில்லை. அளவு மீறுவதைத்தான் கேடு என்கிறார்.

பொதுப்பணம் பற்றிய சண்டைகளில் இந்த வேறுபாடு மறைந்துபோவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, கஜானா தாங்குமா என்ற கேள்வி பலமாகவே எழுந்தது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாடெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தரவேண்டும் என்று ஆணையிட்டது. 2006 தேர்தலில் வாக்குறுதியாகத் தரப்பட்ட இலவச வண்ணத் தொலைக்காட்சி வேறு கதை. அதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில் 2013-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அத்தகைய வாக்குறுதியை ஊழல் நடவடிக்கையாகக் கொள்ள முடியாது என்றது. கூடவே, தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்தைப் பணித்தது. குழந்தையின் தட்டில் விழுந்த சோற்றையும் கூடத்தில் வைத்த பெட்டியையும் ஒரே சொல்லால் அடிப்பது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

தணிக்கைக்காரர்கள் இதில் நம்மைவிடக் கவனமானவர்கள். வாங்கிய கருவி பிரிக்கப்படாமல் கிடந்தால் ஒரு பெயர். கெடு தவறியதால் கட்ட நேர்ந்த வட்டிக்கு வேறு பெயர். மத்திய அரசின் பொது நிதி விதிகளில் ஒரு வரையறை உண்டு: சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பணத்தில் காட்டும் கவனத்தை, அதிகாரி பொதுப்பணத்திலும் காட்டவேண்டும்.

சரி, தமிழில் எப்படிச் சொல்லலாம்? 'தண்டச்செலவு' பேச்சில் நன்றாக ஓடுகிறது. ஆனால் தண்டமும் வடமொழிதான்: கோல், அதனால் தண்டனை, பிறகு அபராதம், கடைசியில் நட்டம். பொதுவாக 'வீண்செலவு' போதும். அளவு மீறியதை 'மிகைச்செலவு' என்னலாம். பயன் விளையாததைப் 'பயனற்ற செலவு' என்னலாம். விதிப்படி நடந்திருந்தால் நேர்ந்தே இருக்காததைத் 'தவிர்த்திருக்கக்கூடிய செலவு' என்று நீட்டியே சொல்லிவிடலாம். அடுத்த முறை "விரயம்" என்று ஒருவர் சொன்னால், இவற்றில் எது என்று கேளுங்கள்.