ஜப்பானில் சிம்: எந்த வரிசையில் போனால் கிடைக்கும், எங்கே மாட்டிக்கொள்வீர்கள்

ஜப்பானுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து இறங்குகிறவர்கள் முதல் மாதம் முழுக்க நெட் இல்லாமல் அல்லாடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். சிம் கடையில் வங்கிக் கணக்கு கேட்கிறார்கள். வங்கியில் போன் எண் கேட்கிறார்கள். இரண்டு கவுண்டரிலும் மிகப் பணிவாகக் குனிந்து "அதை முடித்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். பணிவு இருக்கிறது, வழி சொல்ல ஆள் இல்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொலைபேசி மோசடிகளைத் தடுக்க 2005-ல் ஒரு சட்டம் வந்தது. குரல் அழைப்பு உள்ள எந்த இணைப்பைக் கொடுப்பதற்கு முன்பும் வாங்குபவரின் பெயர், முகவரி, பிறந்த தேதி ஆகியவற்றை நிறுவனம் சரிபார்க்க வேண்டும். அவ்வளவுதான். வெளிநாட்டவருக்கு இணைப்பு தரக்கூடாது என்று அதில் எங்கும் இல்லை. கவுண்டரில் நீங்கள் கேட்கும் "முடியாது" பெரும்பாலும் நிறுவனத்தின் சொந்த விதி. எனவே ஒரு கடையில் மறுத்தால் அடுத்த நிறுவனத்தை முயலத் தயங்காதீர்கள்.

முதலில் முகவரி

நரிதா, ஹனேடா, கன்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கும்போதே ரெசிடென்ஸ் கார்டை, அதாவது வெளிநாட்டவருக்கான குடியிருப்பு அடையாள அட்டையை, கையில் தந்துவிடுவார்கள். அதைக் காட்டிச் சிம் வாங்கிவிடலாம் என்று நேராகக் கடைக்குப் போவதுதான் முதல் தவறு. அந்தக் கார்டில் அப்போது முகவரி இருக்காது. தங்குமிடம் முடிவானதும் அந்தப் பகுதி வார்டு ஆபீஸுக்குப் போய்ப் பதிந்தால்தான் கார்டின் பின்பக்கம் முகவரி ஏறும். இதற்குச் சட்டம் தரும் கெடு 14 நாள். கெடு இருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள். முகவரி ஏறாத கார்டு சிம் கடையிலும் வங்கியிலும் செல்லாது.

வார்டு ஆபீஸில் இருக்கும்போதே ஜூமின்ஹ்யோ எனப்படும் குடியிருப்புச் சான்றையும் ஒன்றிரண்டு பிரதி வாங்கிவிடுங்கள். விண்ணப்பத்தில் நாடு, விசா வகை, தங்கும் காலம் ஆகியவற்றையும் சேர்த்து அச்சிடும்படி கட்டத்தில் குறியிட வேண்டும். குறியிடாவிட்டால் அவை இல்லாத தாளைத் தருவார்கள். அதைக் கொண்டுபோனால் கடையில் திருப்பி அனுப்புவார்கள், இன்னொரு நாள் வேலையை விட்டுவிட்டு வர வேண்டியதாகும்.

இடைப்பட்ட நாட்களுக்குப் பயணிகளுக்கான டேட்டா ஈ-சிம் போதும். ஆனால் அதில் வழக்கமாக 070, 080, 090-ல் தொடங்கும் எண் வராது. வங்கி ஆப்பும் பணம் கட்டும் ஆப்பும் கேட்பது அந்த எண்ணைத்தான். மலிவாக இருக்கிறதென்று நீண்ட காலத் திட்டத்தையும் டேட்டா மட்டும் என்று எடுத்துவிட்டு, பிறகு எண் இல்லாமல் தவிப்பவர்கள் நிறைய.

நம் பெயர்தான் பெரிய சிக்கல்

ரெசிடென்ஸ் கார்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் வரும். நம்மில் பலரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். அப்பா பெயரும் சொந்தப் பெயரும் சேர்ந்து ஒரே நீளமான வரியாக இருக்கும். ஜப்பானிய விண்ணப்பங்களில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என இரண்டு கட்டங்கள் கட்டாயம். காலியாக விட்டால் இணையப் படிவம் நகராது. ஒரே சொல்லை இரண்டு கட்டத்திலும் போட்டால் கார்டோடு பொருந்தவில்லை என்று இரண்டு நாள் கழித்து மின்னஞ்சல் வரும். எந்த எழுத்து பொருந்தவில்லை என்று அதில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

செய்ய வேண்டியது இது. கார்டில் உள்ள சொற்களை அதே வரிசையில் இரண்டாகப் பிரியுங்கள்: முதல் சொல் குடும்பப் பெயர்க் கட்டத்தில், மீதி எல்லாம் சொந்தப் பெயர்க் கட்டத்தில். எழுத்தை விடவோ இனிஷியலாகச் சுருக்கவோ கூடாது. கார்டில் ஒரே சொல்தான் என்றால் இணைய விண்ணப்பத்தை விட்டுவிட்டு நேரில் கடைக்குப் போவது நல்லது. ஊழியர்களிடம் அதற்குத் தனி வழி இருக்கும்.

அடுத்தது கதகானா, அதாவது வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்து. உங்கள் பெயரைக் கதகானாவில் எப்படி எழுதுவது என்பதற்கு ஒரே சரியான விடை கிடையாது. முருகானந்தம் என்பதை நாலு விதமாக எழுதலாம். வங்கி ஊழியர் ஒரு விதமாகவும் சிம் கடை ஊழியர் வேறு விதமாகவும் எழுதிவிட்டால், கணக்கிலிருந்து மாதப் பணம் எடுக்கும் ஏற்பாடு பெயர் பொருந்தாமல் தோற்றுப்போகும். நெடில் ஒலியைக் காட்டும் கோடு ஒன்று கூடினாலும் குறைந்தாலும் இதே கதிதான். முதல் நாளிலேயே ஒரு வடிவத்தை முடிவு செய்து, தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு, எல்லா இடத்திலும் அதையே காட்டி எழுதச் சொல்லுங்கள். வங்கிப் பாஸ்புக்கில் கதகானா அச்சாகிவிட்டால் அதுவே இனி உங்கள் பெயர். மற்ற எல்லாவற்றையும் அதற்குப் பொருத்துங்கள்.

"ஆறு மாதம் கழித்து வாருங்கள்"

வங்கியில் அதிகம் கேட்கும் பதில் இது. அந்நியச் செலாவணிச் சட்டப்படி ஜப்பானுக்கு வந்து 6 மாதம் ஆகாதவர் வெளியூர்வாசியாகக் கருதப்படுவார் என்பதுதான் இதற்குக் காரணம். ஆனால் ஜப்பானில் உள்ள அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் வந்த நாளிலிருந்தே உள்ளூர்வாசிதான். இந்த 6 மாதம் அவருக்குப் பொருந்தாது. அதைக் கவுண்டரில் யாரும் தாமாகச் சொல்வதில்லை. வேலைக்கு வந்தவர்கள் நிறுவனத்தின் பணிச் சான்றையோ அடையாள அட்டையையோ கையோடு கொண்டுபோய், "நான் இங்கே வேலை பார்க்கிறேன்" என்று முதலிலேயே காட்டுங்கள். சம்பளம் போடும் வங்கியின் கிளைக்கே நிறுவனத்தின் மூலம் போனால் இன்னும் எளிது. போன் எண் கட்டத்தில் அலுவலக எண்ணைப் போடலாமா என்று கேளுங்கள். ஏற்றுக்கொண்டால் அந்த வட்டம் அங்கேயே உடைந்துவிடும்.

மாணவர்களுக்கு 6 மாதக் கணக்கு உண்டு. அவர்கள் தபால் வங்கியான யூச்சோவை முதலில் முயலலாம். கணக்கு இல்லாமலே கன்வீனியன்ஸ் ஸ்டோரில் பணமாகக் கட்டும் வசதியை, வெளிநாட்டவருக்கென்றே சேவை நடத்தும் சில நிறுவனங்கள் தருகின்றன. மாதக் கட்டணம் கூடுதல்தான். முதல் சில மாதங்களுக்கு மட்டும் என்றால் அலைச்சலைவிட அது மேல். டெபிட் கார்டைப் பல மலிவு நிறுவனங்கள் ஏற்காது என்பதையும் நினைவில் வையுங்கள். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில்தான் அது தெரியவரும்.

தவணையில் போன் வேண்டாம்

கடையில் சிம்மோடு புதுப் போனையும் தவணையில் தள்ளப் பார்ப்பார்கள். தவணை 24 மாதம், உங்கள் விசா மீதி 11 மாதம் என்றால் கடன் பரிசீலனையில் மறுப்பு வரும். காரணம் சொல்ல மாட்டார்கள். பலர் தங்களுக்குச் சிம்மே மறுக்கப்பட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். மறுக்கப்பட்டது தவணைதான். "சிம் மட்டும் போதும்" என்று கேட்டால் அதே கவுண்டரில் அன்றே வேலை முடியலாம்.

பழைய போன் வாங்குவதென்றால் அதன் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அந்தப் போனை முதலில் விற்ற மொபைல் நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். வட்டக் குறி என்றால் வாங்கலாம். முக்கோணம் என்றால் முதல் வாங்கியவர் தவணையை இன்னும் முடிக்கவில்லை. அவர் கட்டாமல் விட்டால் உங்கள் கையில் இருக்கும் போன் ஒருநாள் முடக்கப்படலாம். பெருக்கல் குறி என்றால் ஏற்கெனவே முடக்கியாகிவிட்டது. 2021 அக்டோபரிலிருந்து விற்கும் போன்களைக் கொள்கையளவில் ஒரே நிறுவனத்துக்குப் பூட்டக்கூடாது. அதற்கு முந்தையது என்றால் பூட்டு திறந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஊரிலிருந்து கொண்டு வந்த போனில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, செட்டிங்ஸில் சான்றிதழ்ப் பக்கத்தில் கிதேகி என்ற ஜப்பானிய ரேடியோ முத்திரை. அது இல்லாத போனில் வைஃபை பயன்படுத்த, நாட்டுக்குள் வந்த நாளிலிருந்து 90 நாள் மட்டுமே சலுகை. குடியிருக்க வந்தவருக்கு அது நிரந்தரத் தீர்வு ஆகாது. இரண்டாவது, அலைவரிசை. பெரிய மொபைல் நிறுவனங்களில், கட்டடங்களுக்குள்ளும் கிராமங்களிலும் சிக்னலைத் தாங்குவது டொகோமோவுக்கு பேண்ட் 19, ஏயூவுக்கு 18 அல்லது 26, சாஃப்ட்பேங்குக்கு 8. உங்கள் போனில் 19 இல்லாமல் டொகோமோ வழி வரும் சிம்மை எடுத்தால் ஸ்டேஷனில் நன்றாக ஓடும். அறைக்குள் வந்ததும் படுத்துவிடும். சிம் கெட்டது என்று மாற்றி மாற்றிப் பயனில்லை.

3ஜி சேவையை ஏயூ 2022-ல் நிறுத்தியது, சாஃப்ட்பேங்க் 2024-ல், டொகோமோவுக்குக் கெடு 2026 மார்ச். ஆகவே நீங்கள் எடுக்கும் நிறுவனத்தின் வோல்ட்டி (4ஜி வழியே குரல் அழைப்பு) உங்கள் போனில் இயங்காவிட்டால் நெட் வரும், அழைப்பு வராது. போலீஸுக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 119 அழைக்க வேண்டிய நேரத்தில்தான் பலருக்கு இது தெரியவருகிறது.

சிம் வந்தும் நெட் வரவில்லை

இணையத்தில் வாங்கினால் சிம் தபாலில் வரும். தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெயர் இல்லாவிட்டால் "இப்படி ஒருவர் இங்கே இல்லை" என்று தபால் திரும்பிவிடும், விண்ணப்பமும் ரத்தாகும். ஆள் இல்லாத நேரத்தில் வந்தால் ஒரு சீட்டைப் போட்டுவிட்டுப் போவார்கள். தபால் நிலையத்தில் சுமார் ஒரு வாரம்தான் வைத்திருப்பார்கள். விளம்பரத் தாள் என்று அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

சிம்மைப் போட்டதும் கோபுரக் கோடுகள் தெரிந்தும் நெட் ஓடவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் ஏபிஎன், அதாவது போன் நெட்டோடு இணைவதற்கான அமைப்பு. ஆண்ட்ராய்டில் மொபைல் நெட்வொர்க், அணுகல் புள்ளிப் பெயர்கள் என்று போய், புதிதாக ஒன்று சேர்த்து, சிம்மோடு வந்த தாளில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அடியுங்கள். பயனர் பெயர், கடவுச்சொல், பாப் (PAP) அல்லது சாப் (CHAP) என்ற அங்கீகார வகை மூன்றும் தாளில் இருந்தால் மூன்றையும் நிரப்புங்கள். கடைசியில் தெரியாமல் விழும் ஓர் இடைவெளிகூடக் கெடுத்துவிடும். சேமித்த பிறகு அந்த வரியின் பக்கத்தில் உள்ள வட்டத்தைத் தொட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். பிறகு போனை அணைத்து ஏற்றுங்கள்.

ஐபோனில் மலிவு நிறுவனச் சிம்களுக்குப் பெரும்பாலும் இந்த அமைப்புகள் அடங்கிய புரொஃபைல் கோப்பு ஒன்றை இறக்கி நிறுவ வேண்டும். பழைய நிறுவனத்தின் புரொஃபைல் உள்ளே இருந்தால் புதிய சிம் எவ்வளவு சரியாக இருந்தாலும் நெட் வராது. செட்டிங்ஸில் பொது என்ற பிரிவுக்குள் போய் முதலில் பழையதை நீக்குங்கள். புதிய புரொஃபைலை இறக்க வைஃபை தேவை. ஈ-சிம்மை இறக்கவும் வைஃபை தேவை. ஆகவே இரண்டையும் வீட்டுக்கு வரும் வழியில் செய்ய முயலாதீர்கள். ஒருமுறை இறக்கிய ஈ-சிம்மைப் பிரச்சினையைச் சரிசெய்ய என்று அழிக்கவும் கூடாது. மறுபடி விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும்.

ஓடிபிக்காக ஊர்ச் சிம்மையும் அதே போனில் வைத்திருப்பவர்கள், டேட்டா ஜப்பான் சிம்மில் மட்டும் என்று தேர்ந்தெடுத்து, ஊர்ச் சிம்மின் டேட்டா ரோமிங்கை அணைத்து, டேட்டா தானாக மாறும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

தவறாகக் கையெழுத்திட்டுவிட்டால்

புரியாத மொழியில் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து பார்த்தால் கேட்காத சேவைகளெல்லாம் ஒட்டியிருக்கும். இதற்கு உரிமை இருக்கிறது. ஒப்பந்தத் தாள் கைக்கு வந்த நாள், சேவை தொடங்கிய நாள், இவற்றில் பிந்தியதிலிருந்து 8 நாளுக்குள் பொதுவாக நிறுவனத்தின் சம்மதம் இல்லாமலே எழுத்து மூலம் ரத்து செய்யலாம். பொதுவாகக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அனுப்பிய தேதிதான் கணக்கு, போய்ச் சேர்ந்த தேதி இல்லை. பெயர், எண், ஒப்பந்தத் தேதி, ரத்து செய்கிறேன் என்ற ஒரு வரி ஆகியவற்றை எழுதி, நகல் எடுத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பயன்படுத்திய நாளுக்கான கட்டணத்தையும் தொடக்கக் கட்டணத்தையும் கேட்பார்கள். இந்த விதியில் தனியாக வாங்கிய போன் அடங்காது. கடை தட்டிக்கழித்தால் நுகர்வோர் உதவி எண் 188. ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.

விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்திருக்கும் சமயத்தில் கார்டின் தேதி முடிந்துவிட்டால் சட்டப்படி 2 மாதம் வரை தங்கலாம். நேரில் விண்ணப்பித்திருந்தால் கார்டின் பின்பக்கம் அதற்கான முத்திரை இருக்கும். ஆனால் கார்டின் முன்பக்கத் தேதியைப் பார்த்தே மறுக்கும் கடைகள் உண்டு. புது இணைப்போ நிறுவன மாற்றமோ வேண்டும் என்றால் தேதி முடியும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குத் திரும்பும்போது சிம்மை நண்பருக்குக் கொடுத்துவிட்டு வராதீர்கள். குடும்பத்தார் அல்லாதவருக்கு நிறுவனத்தின் சம்மதமின்றி இணைப்பைக் கைமாற்றுவதை மேலே சொன்ன 2005 சட்டம் தடை செய்கிறது. அந்த எண்ணில் மோசடி நடந்தால் போலீஸ் தேடுவது உங்களைத்தான். "சிம் எடுத்துக் கொடு, பணம் தருகிறேன்" என்று மாணவர்களை அணுகும் ஆட்களும் இதே வலையைத்தான் விரிக்கிறார்கள். கிளம்பும் முன் இணைப்பை முறையாக ரத்து செய்யுங்கள். கடைசி மாதப் பில் நீங்கள் போன பிறகுதான் கணக்கிலிருந்து எடுக்கப்படும். அதற்கான பணத்தை விட்டுவைத்து, பணம் எடுக்கும் தேதிக்குப் பிறகே கணக்கு முடியும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிட்டு விமானம் ஏறுங்கள்.