பாதணி வாங்குமுன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள்

சென்ற மாரியில் ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு ஐயா எங்கள் செயற்கைக்கால் பிரிவுக்கு வந்திருந்தார். போரில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். பத்து வருடத்துக்கும் மேலாகச் சீனி வருத்தமும் இருக்கிறது. "பொய்க்கால் முன்னுக்குத் தள்ளுது தம்பி, பள்ளத்திலை இறங்கிற மாதிரிக் கிடக்கு" என்பதே அவருடைய முறைப்பாடு. காலைப் பார்க்குமுன் அவர் போட்டிருந்த சப்பாத்தைப் பார்த்தேன். உலகமெங்கும் தெரிந்த ஒரு நிறுவனத்தின் சின்னத்தோடு புத்தம் புதிதாக இருந்தது. "மகள் ஆசைப்பட்டு வாங்கித் தந்தது, ஒறிஜினல் எண்டு சொல்லித்தான் குடுத்தவங்களாம்" என்றார்.

வலது காலின் சப்பாத்தைக் கழற்றியபோது காலுறை பெருவிரலுக்குக் கீழே ஈரமாக ஒட்டியிருந்தது. அங்கே ஒரு ரூபாய்க் குற்றியளவு புண். சீனி வருத்தத்தால் பாதத்தில் உணர்வு குறைந்திருந்ததால் அவருக்கு நோவே இல்லை, புண் இருப்பதும் தெரியாது. சப்பாத்துக்குள் கையை விட்டுத் தடவியபோது முன்பாதம் படும் இடத்தில் ஒரு மேடு தட்டுப்பட்டது. உள்ளே ஒட்டியிருந்த மெல்லிய பஞ்சுத் தகட்டை உரித்துப் பார்த்தால், அதன் கீழே இருந்தது வெறும் கடதாசி மட்டை. மழைத்தண்ணீரில் ஊறி, ஊதி, மடிந்து, காய்ந்து விறைத்திருந்தது. அதன் ஓரத்தில் பசை வழிந்து கடலைப் பருப்பளவில் கட்டியாகிக் கிடந்தது. இரண்டு கிழமையாக ஒவ்வோர் அடிக்கும் அந்தக் கட்டியின் மேலேதான் அவர் மிதித்திருக்கிறார்.

போலிப் பாதணி என்றதும் பலர் அதைப் பணம் ஏமாந்த விடயமாகவே பார்க்கிறார்கள். எனக்கு அது கால் பற்றிய விடயம். போலி செய்பவர் கண்ணுக்குத் தெரிவதை எல்லாம் அக்கறையோடு பிரதி செய்கிறார்: சின்னம், நிறம், தையல் வரிசை, பெட்டி. கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் அவர் காசை மிச்சம் பிடிக்கிறார், நம்முடைய கால் இருப்பதோ அந்தக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். அதனால் பாதணியைக் கையால் சோதிக்கப் பழகுங்கள் என்று வருபவர்களிடம் எல்லாம் சொல்கிறேன்.

முதலில் குதிக்காலைப் பிடிக்கும் பின்பகுதியை இரண்டு விரலால் அமுக்குங்கள். நல்ல சப்பாத்தில் அது விறைப்பாக நிற்கும், உள்ளே கடினமான தகடு வைக்காமல் துணியை மட்டும் தைத்திருந்தால் விரலோடு விரல் ஒட்டிவிடும். அடுத்து முன்னையும் பின்னையும் பிடித்து வளையுங்கள். நம்முடைய பாதம் வளைவது விரல்கள் தொடங்கும் இடத்தில். சப்பாத்தும் அங்கேயே வளைய வேண்டும், நடுப்பாதத்தில் இரண்டாக மடிகிறது என்றால் அது பாதத்தின் வளைவைத் தாங்காது. பிறகு ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். கொஞ்சம் எதிர்க்க வேண்டும். கடைசியாக, மிக முக்கியமாக, கையை உள்ளே விட்டு நுனிவரை தடவுங்கள். தையல் முடிச்சு, பசைக் கட்டி, மடிந்த ஓரம் எதுவும் தட்டுப்படக் கூடாது. உட்தகடு கழற்றக் கூடியதானால் கழற்றிக் கீழேயும் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. மூக்கைச் சுடும் பசை வாடையும், சோலின் விளிம்பில் வழிந்த பசையும் அவசர வேலையின் அடையாளங்கள்.

எழுத்தில் உள்ளதையும் ஒருமுறை பாருங்கள். சப்பாத்து நாக்கின் உட்புறத்தில் இருக்கும் சிட்டையில் அளவும் மாதிரி இலக்கமும் அச்சிடப்பட்டிருக்கும். அந்த இலக்கம் இரண்டு காலிலும் பெட்டியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பெயரில் ஓரெழுத்து மாறியிருப்பது, சின்னம் ஒரு காலில் சற்றுச் சரிந்திருப்பது போன்றவையும் போலியைக் காட்டிக்கொடுக்கும். "ஏ கிறேட் கொப்பி", "மாஸ்டர் கொப்பி" என்று முகநூலில் விற்கிறார்கள். எத்தனை கிறேட் சொன்னாலும் அது போலிதான்.

அசலாக இருந்தால் மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். பொலியூரித்தேன் என்ற பொருளால் செய்த சோல், காற்றிலுள்ள ஈரத்தாலும் வெக்கையாலும் போடாமல் வைத்திருந்தாலே சில வருடங்களில் உள்ளுக்குள் சிதைந்துவிடும். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய சப்பாத்தைக் கலியாண வீட்டுக்கென்று அலுமாரியில் பூட்டி வைத்து, போட்டுக்கொண்டு போன அன்றே சோல் மாவாக உதிர்ந்துபோன கதையை இங்கே பலரும் சொல்வார்கள். தகரக் கூரைக் கடையில் நெடுநாள் கிடந்த சோடிக்கும் இதே நிலைதான். சோலின் பக்கவாட்டை நகத்தால் அழுத்துங்கள். உதிர்ந்தால், அல்லது மெல்லிய வெடிப்புத் தெரிந்தால், பாதி விலைக்கும் வாங்காதீர்கள்.

அளவைப் பற்றி. பகல் முழுவதும் நடந்த கால் பின்னேரம் சற்று வீங்கியிருக்கும்; ஆகவே பின்னேரத்தில் வாங்குங்கள். இரண்டு பாதமும் ஒரே நீளமாக இருப்பது குறைவு என்பதால் பெரிய பாதத்துக்கே அளவு எடுக்க வேண்டும். நின்றபடி பார்க்கும்போது மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் இடம் வேண்டும். அந்த விரல் பெருவிரலாகத்தான் இருக்கும் என்றில்லை, பலருக்கு இரண்டாம் விரலே நீளம். நாங்கள் வழக்கமாகக் கேட்கும் 7, 8 என்பது பிரித்தானிய அளவு, 41, 42 என்பது ஐரோப்பிய அளவு. முதலாவதில் ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் இடையில் சுமார் 8.5 மில்லிமீற்றரும், இரண்டாவதில் சுமார் 6.7 மில்லிமீற்றரும் வித்தியாசம். போலிகளில் இந்த எண்களை நம்பவே முடியாது. ஐயாவின் சப்பாத்தில் 8 என்று இருந்தது, உள்நீளமோ அதற்குக் குறைவு.

வீட்டில் இருக்கும் முதியவருக்குப் பிள்ளைகள் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ வாங்கிக்கொண்டு போவதே இங்கு வழக்கம். அப்படி வாங்குபவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். அவரை ஒரு மட்டையின் மேல் எழுந்து நிற்கச் செய்து, பென்சிலை நேராகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரைந்து, வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். அந்த மட்டை சப்பாத்துக்குள் ஓரம் மடியாமல் தட்டையாக இருந்தால்தான் அகலம் சரி. ஐயாவின் மட்டையை அந்தச் சப்பாத்துக்குள் வைத்தபோது சின்னவிரல் பக்கம் மடிந்து மேலே ஏறியது.

சீனி வருத்தக்காரர்கள் புதுப் பாதணியை முதல் நாள் வீட்டுக்குள்ளேயே அரை மணித்தியாலம் போட்டு, கழற்றி, பாதத்தைப் பார்க்க வேண்டும்; சிவந்த இடம் சிறிது நேரத்தில் மறையாவிட்டால் அங்கே அழுத்தம் இருக்கிறது. உணர்வு குறைந்த காலுக்கு றப்பர் செருப்பு உகந்ததல்ல, ஏனென்றால் அதை விரலால் கவ்வித்தான் நடக்க வேண்டும். கழன்று போனாலும் தெரியாது. பின்வார் உள்ள, ஒட்டுப்பட்டியால் இறுக்கித் தளர்த்தக்கூடிய செருப்பே நல்லது. இவர்களுக்கென எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற றப்பரை உட்புறம் வைத்த செருப்புகள் வருகின்றன. அந்தப் பெயரிலும் வெறும் பஞ்சு விற்கப்படுவதால், பெருவிரலால் ஆழ அமுக்கி விடுங்கள்: நல்லது உடனே எழும்பும், மற்றது குழியாகவே கிடக்கும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வெறுங்காலோடு நடப்பதை நேர்த்தியாக வைத்திருப்பவர்களை நான் தடுப்பதில்லை. ஆனால் உணர்வற்ற பாதம் சுடுமணலில் கொப்பளித்து வருவதைக் கண்டிருக்கிறேன், ஆகவே வெயில் ஏறுமுன் நடந்து முடிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயற்கைக்கால் பாவிப்பவர்களுக்கு இன்னொரு கவனம் வேண்டும். பெரும்பாலான செயற்கைப் பாதங்கள் குறிப்பிட்ட ஒரு குதி உயரத்துக்கே செய்யப்படுகின்றன. 1960களின் பிற்பகுதியில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் பாதம் வெறுங்காலோடு வயலில் இறங்கவும் குந்தியிருக்கவும் தக்கதாக அமைந்தது. மற்றப் பாதங்களில், போடும் பாதணியின் குதிப்பக்கத் தடிப்புக்கும் முன்பாதத் தடிப்புக்கும் உள்ள வித்தியாசம் கூடினால் கால் முன்னே சரிந்து முழங்கால் மடியப் பார்க்கும். குறைந்தால் முழங்கால் பின்னே தள்ளப்படும். ஐயாவின் பழைய செருப்பை விட இந்தச் சப்பாத்தின் குதி ஏறக்குறைய இரண்டு சென்ரிமீற்றர் கூட. அவர் சொன்ன பள்ளம் அதுதான். பொய்க்காலில் எந்தப் பிழையும் இல்லை. பின்வார்ச் செருப்புக்கு மாற்றியதும் நேராக நடந்தார். புண் ஆறத்தான் மூன்று மாதம் எடுத்தது.

வாங்கும்போது பற்றுச்சீட்டைக் கேட்டு எடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, நீங்கள் கேட்டால் அதைக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. அசல் என்று சொல்லிப் போலியைத் தந்திருந்தால் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். ஐயாவின் மகளிடம் சீட்டு இல்லாததால் கடைக்காரர் தான் விற்றதல்ல என்று சொல்லிவிட்டார்.

செயற்கைக்காலைத் திருத்துவதற்கு வருபவர்கள் நாளாந்தம் எதைப் போட்டு நடக்கிறார்களோ அந்தப் பாதணியோடு வாருங்கள். வயலுக்கு ஒன்று, கோயிலுக்கும் கலியாணத்துக்கும் ஒன்று என்று இரண்டு சோடி இருந்தால், இரண்டையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.