ஏரிப் படுகையில் எழுந்த நகரங்கள்: 2015 நிலநடுக்கத்தில் எது ஏன் விழுந்தது?

நேபாளத்தின் பக்தபூரில் இரண்டு கோயில்கள் சில நிமிட நடைத் தூரத்தில் இருந்தன. ஒன்று நியாதபோலா. 1702இல் கட்டியது, ஐந்து படி மேடைமேல் ஐந்து கூரைகளோடு சுமார் 30 மீட்டர் உயரம். இன்னொன்று, அரண்மனைச் சதுக்கத்தில் இருந்த வத்சலா துர்கா கோயில். செதுக்கிய கல்லால் ஆனது. 2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை முற்பகல் 11.56க்கு நிலம் ஆடியது. வத்சலா கோயில் கற்குவியலானது. நியாதபோலாவுக்கோ உச்சி அடுக்கில் சிறு சேதம் மட்டுமே.

அதற்குச் சில மாதங்கள் முன்புதான் நான் அங்கே போய்வந்திருந்தேன். நியாதபோலாவின் படிகளில் காவல் நிற்கும் மல்லர்கள், யானைகள், சிங்கங்கள் எல்லாம் மனதில் பசுமையாக இருந்தன. செய்திப் படங்களில் எனக்குத் தெரிந்த மூலைகளைத் தேடினேன். பல இடங்களில் அடையாளத்துக்கு மேடை மட்டும் மிஞ்சியிருந்தது. ஒரே ஊர், ஒரே நடுக்கம். ஒன்று விழுந்து ஒன்று ஏன் நின்றது? அந்தக் கேள்விதான் என்னை நிலநடுக்கவியல் பக்கம் இழுத்தது.

இந்தியத் தட்டு வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த நகர்வில் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டரை இமயமலை வாங்கிக்கொள்கிறது. மலைக்கு அடியில் வடக்கு நோக்கிச் சாய்ந்து இறங்கும் ஒரு பெரும் பிளவுத்தளம் இருக்கிறது. ஆழத்தில், சூடான பகுதியில், அது சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டே போகும். மேலே உள்ள பகுதியில் பாறைகள் உராய்வால் பூட்டிக்கொண்டு கிடக்கும். தட்டு நிற்காது, பூட்டும் விடாது. அதனால் பாறையே கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து இறுகும். பல தலைமுறைகளாகச் சேரும் அந்த இறுக்கம் ஒரு நிமிடத்துக்குள் விடுபடுவதுதான் பெரிய நிலநடுக்கம்.

அன்று பிளவு தொடங்கியது கோர்க்கா மாவட்டத்தின் பார்பாக் கிராமத்துக்கு அருகே, காத்மாண்டுவிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தள்ளி. நடுக்கத்தின் அளவு 7.8. வரைபடத்தில் ஒரு புள்ளியைக் காட்டி 'இதுதான் மையம்' என்று செய்தியில் சொல்லும்போது, நடுக்கம் முழுவதும் அந்த ஒரு புள்ளியில் நடந்ததாக நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரிய நடுக்கங்களில் அது சரியல்ல. அந்தப் புள்ளியில் தொடங்கிய முறிவு நொடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கி ஓடி, சுமார் 140 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவுத்தளத்தைத் திறந்துவிட்டது. ஓடிய பாதை காத்மாண்டுவின் வடக்கு ஓரத்துக்கு அடியில். ஆக, நகரத்துக்கும் நடுக்கத்துக்கும் இடையே 80 கிலோமீட்டர் எல்லாம் இல்லை. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஆழம்தான். பள்ளத்தாக்கு முழுவதுமே ஒன்றரை மீட்டருக்கும் மேல் தெற்கே தள்ளப்பட்டு, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்தது. வடக்கே உயர்ந்த சிகரங்களின் பக்கம் நிலம் சற்றுத் தாழ்ந்தது.

இதோடு கதை முடிவதில்லை. காத்மாண்டு, பாட்டன், பக்தபூர் ஆகிய மூன்று நகரங்களும் நிற்பது பழைய ஏரி ஒன்றின் படுகையில். பௌத்தர்கள் வணங்கும் போதிசத்துவர் மஞ்சுஸ்ரீ தன் வாளால் தெற்குக் குன்றைப் பிளந்து ஏரி நீரை வெளியேற்றினார் என்று அந்த ஊர் மக்கள் சொல்வார்கள். வாள் பட்டதாகச் சொல்லும் சோபார் இடுக்கு வழியாகத்தான் இன்றும் பாக்மதி ஆறு பள்ளத்தாக்கை விட்டு வெளியேறுகிறது. ஏரி இருந்தது என்பதில் புவியியலாளர்களுக்கும் சந்தேகம் இல்லை. அது விட்டுச்சென்ற களிமண்ணும் வண்டலும் சில இடங்களில் 500 மீட்டருக்கும் மேல் தடிமன்.

கெட்டிப் பாறையில் வேகமாக வரும் அலை மென்மையான வண்டலுக்குள் நுழைந்ததும் வேகம் குறைகிறது. கொண்டுவந்த ஆற்றல் குறுகிய இடத்தில் நெருங்குவதால் ஆட்டத்தின் வீச்சு கூடுகிறது. சுற்றிலும் பாறைச் சுவர் இருப்பதால் அலை எளிதில் வெளியேறவும் முடியாது. உள்ளேயே மோதி மோதித் திரும்பும். நொடிக்கு ஐந்து முறை இடத்தைப் பதிவு செய்யும் ஜிபிஎஸ் கருவிகள் அன்று அங்கே இயங்கின. பள்ளத்தாக்கின் நிலம் நான்கைந்து நொடிக்கு ஒருமுறை போய்வரும் ஆட்டமாக ஆடியதை அவை காட்டின. ஊஞ்சலை அதன் போக்குக்கு ஏற்ற நேரத்தில் சிறிதாகத் தள்ளினாலும் உயர உயரப் போகும் அல்லவா? ஒத்ததிர்வு என்பது அதுதான். வண்டல் படுகைக்கு என்று ஓர் இயல்பான அலைவு நேரம் உண்டு. அடியில் ஓடிய முறிவும் கிட்டத்தட்ட அதே நேர அளவில்தான் தள்ளியது.

கட்டடத்துக்கும் அப்படி ஓர் அலைவு நேரம் உண்டு. தோராயமாக மாடிக்கு 0.1 நொடி. இரண்டு மூன்று மாடி வீட்டை உலுக்குவது படபடவென்ற வேகமான அதிர்வு. அன்று முறிவு ஒவ்வோர் இடத்திலும் மென்மையாகத் தொடங்கி சில நொடிகள் நீடித்ததால், அந்த வேகமான அதிர்வு இவ்வளவு பெரிய நடுக்கத்துக்கு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. அதனால் தலைநகரில் வீடுகள் முன்பு பயந்த அளவுக்கு மொத்தமாக விழவில்லை. ஆனால் உயரமானவற்றுக்கு மெதுவான ஆட்டம்தான் ஆபத்து. நகரத்தின் வடமேற்கில் கோங்கபு பகுதியில் புதிய பல மாடி கான்கிரீட் கட்டடங்கள் மடிந்து விழுந்தன. தரஹரா கோபுரமும் சாய்ந்தது. 60 மீட்டருக்கும் மேல் உயரமான செங்கல் கோபுரம் அது. செங்கல் சுவர் மேலிருந்து அழுத்தும் பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டில் வளைத்து இழுத்தால் விரிசல் விடும். 1934 நடுக்கத்தில் ஒருமுறை உடைந்து மறுபடி எழுப்பிய கோபுரம், 2015இல் உள்ளே இருந்தவர்களோடு விழுந்தது.

பள்ளத்தாக்குக்கு வெளியே நிலைமை இன்னும் கொடுமை. இறந்தவர்கள் ஏறத்தாழ 9,000 பேர். அதில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சிந்துபால்சோக் மாவட்டத்தில் மட்டும். அங்கே வீடுகள் பெரும்பாலும் கல்லை மண் சாந்தில் அடுக்கிக் கட்டியவை. லாங்டாங் கிராமத்தையோ மேலிருந்து சரிந்து வந்த பனியும் பாறையும் மூடிவிட்டன. உலகம் கோயில்களின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் இந்த ஊர்களுக்குப் போதுமான கவனம் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

சரி, நியாதபோலா எப்படி நின்றது? அகன்ற மேடை, நான்கு பக்கமும் ஒரே அமைப்பு, தடித்த நடுச் சுவர், மேலே போகப் போகக் குறுகிக் குறையும் பாரம். செங்கலோடு பின்னிய மரச் சட்டங்கள் ஆணி இல்லாமல் முளைக்குச்சிகளால் இணைந்திருக்கும். ஆடும்போது அவை சற்று அசைந்து, உராய்வில் ஆற்றலைத் தின்றுவிடும். அப்படியானால் மரக் கூரைக் கோயில் பிழைக்கும், கற்கோயில் விழும் என்று முடிவுகட்டலாமா? பாட்டன் அதை மறுக்கிறது. அங்கே 1637இல் கட்டிய கல்லாலான கிருஷ்ணர் கோயில் சேதத்தோடு தப்பியது. அதே சதுக்கத்தில் இருந்த மரக் கூரைக் கோயில்களான ஹரிசங்கரும் சார் நாராயணும் தரைமட்டமாயின.

எனக்கு விடை கிடைத்தது காத்மாண்டுவின் காஷ்டமண்டபத்தில். அன்று அந்த மர மண்டபத்தில் ரத்ததான முகாம் நடந்துகொண்டிருந்தது. மண்டபம் இடிந்து அங்கிருந்த பலர் இறந்தார்கள். பின்னர் தோண்டிப் பார்த்த தொல்லியலாளர்கள், அடித்தளம் நல்ல நிலையில் இருந்ததைக் கண்டார்கள். குறை மேலே. பாரம் தாங்கும் நடுத் தூண்களில் ஒன்று, அடியில் அதைப் பிடித்திருக்க வேண்டிய கல்லோடு இணைந்திருக்கவில்லை; பிற்காலத்துப் பழுதுபார்ப்பில் அந்தப் பிணைப்பு விட்டுப்போயிருந்தது. பாணியைவிட இணைப்புகளும் பராமரிப்பும்தான் பெரிது என்று நான் நம்புவது இதனால்தான். மழைநீர் இறங்கி உளுத்துப்போன ஒரு தூண் முனை, எத்தனை நூற்றாண்டுத் தச்சுத் திறமையையும் வீணாக்கிவிடும்.

2015இன் முறிவு நிலத்தின் மேற்பரப்பு வரை வரவில்லை. காத்மாண்டுவுக்குத் தெற்கே பிளவுத்தளத்தின் ஆழமில்லாத பகுதி பூட்டியபடியே நின்றுவிட்டது. மேற்கு நேபாளத்தின் பெரும்பகுதியில் 1505இல் வந்த பெரும் நடுக்கத்துக்குப் பிறகு அந்த அளவுக்கு இன்னொன்று வரவில்லை. தேதியை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கட்டடங்களை முன்கூட்டியே தயார் செய்ய முடியும். சனிக்கிழமை நேபாளத்தில் வார விடுமுறை என்பதால், இடிந்த ஆயிரக்கணக்கான வகுப்பறைகளில் அன்று பிள்ளைகள் இல்லை. பள்ளத்தாக்கில் சில பள்ளிகளுக்கு மட்டும் அதற்கு முன்பே சுவர்களைக் கம்பியும் கான்கிரீட்டும் கொண்டு வளைத்துக் கட்டி வலுவூட்டியிருந்தார்கள். அவை நின்றன. அதற்கு ஆன செலவு, புதிதாக ஒரு பள்ளி கட்டுவதைவிடக் குறைவு.